விண்டோஸ் 10 டிவிடி பூட் ஆகேல்லை, கறுப்புத் திரையில கோடு மட்டும் மினுங்குது

கோப்பாய் ரீச்சர் எழுதினது:

வணக்கம். வீட்டு மேசைக் கணினிக்குப் புதுசா விண்டோஸ் போட வெளிக்கிட்டு இடையில நிக்கிறன். மகள் உயர்தரத்துக்கு தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறா, கெதியாத் தேவைப்படுது.

மதர்போட் அசூஸ் எச்61, இன்டெல் கோர் ஐ3 இரண்டாம் தலைமுறை, றாம் 4 ஜிபி, சாட்டா டிவிடி றைட்டர். பழைய 500 ஜிபி ஹாட் டிஸ்க்கில விண்டோஸ் 7, 32 பிற் இருக்கு. இப்ப 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்டு பூட்டியிருக்கு, அதில விண்டோஸ் 10, 64 பிற் போட வேணும். டிவிடி யாழ்ப்பாணம் ரவுணில ஒரு கடையில எழுதி வாங்கினது.

கணினியைப் போட்ட உடனே எஃப்8 அமத்தினால் பூட் மெனு (எதில இருந்து கணினி எழும்ப வேணும் எண்டு கேக்கிற பட்டியல்) வருது. அதில டிவிடி றைட்டரைத் தெரிவு செய்தால் லைற் ஒரு பத்துச் செக்கன் மினுங்கும். பிறகு கறுப்புத் திரை, இடது மூலையில சின்னக் கோடு ஒண்டு. கொஞ்ச நேரத்தால "றீபூட் அண்ட் செலெக்ட் ப்ரொப்பர் பூட் டிவைஸ்" எண்டு வருது. பயோஸில (மதர்போட்டுக்குள்ள இருந்து கணினியை எழுப்பிற நிரல்) டிவிடியை முதலாவதா வைச்சும் பாத்தாச்சு, அதே கதைதான். டிவிடி றைட்டர் பழுதோ, இறுவட்டுப் பழுதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?


வடமராட்சித் தம்பி எழுதினது:

ரீச்சர், விண்டோஸ் 7க்குள்ள போய் அந்த டிவிடியைத் திறந்து பாருங்கோ. ஐஎஸ்ஓ (முழு இறுவட்டையும் ஒரே ஃபைலா அடக்கினது) எண்டு முடியிற ஒரே ஒரு பெரிய ஃபைல் மட்டும் கிடந்தால், அதை இமேஜா, அதாவது இறுவட்டின்ர அச்சொட்டான பிரதியா, எழுதாமல் வெறும் ஃபைலா எழுதிப்போட்டினம். உப்பிடிக் கனக்க நடக்கும். உள்ளுக்க பூட், ஈஎஃப்ஐ, சோர்சஸ் எண்டு ஃபோல்டர்கள் இருந்தால் பிரச்சினை வேற.

இன்னொண்டு, எஃப்8 அமத்த நேரம் பிந்தினால் விண்டோஸின்ர சேஃப் மோட் மெனு வரும். அது பூட் மெனு இல்லை. நீங்கள் பாக்கிறது அசூஸ் காட்டுற மெனுதானே? அதில டிவிடி றைட்டரின்ர பெயர் எத்தினை தரம் வருது எண்டும் சொல்லுங்கோ.


கோப்பாய் ரீச்சர் எழுதினது:

அசூஸின்ர மெனுதான் தம்பி. டிவிடி றைட்டரின்ர பெயர் ஒரு தரம்தான் வருது.

டிவிடிக்குள்ள பூட், ஈஎஃப்ஐ, சோர்சஸ், சப்போட் ஃபோல்டர்களும், பூட்எம்ஜிஆர், செற்றப், ஓட்டோறன் ஃபைல்களும் கிடக்கு. செற்றப்பைக் கிளிக் பண்ணினால், நீங்கள் பாவிக்கிற விண்டோஸுக்கு இந்த ஃபைல் பொருந்தாது எண்டு சொல்லுது.


பனங்கூடல் எழுதினது:

செற்றப் ஓடாதது பழுதில்லை ரீச்சர். 32 பிற் விண்டோஸுக்குள்ள நிண்டுகொண்டு 64 பிற் செற்றப்பை ஓட்ட ஏலாது. 32இல இருந்து 64க்கு மேம்படுத்தவும் ஏலாது, புதுசாத்தான் போட வேணும். அதால பூட் பண்ணியே ஆக வேணும்.

இனி டிவிடிக்கு வாறன். உள்ளுக்க ஃபைல் எல்லாம் வடிவாத் தெரியுது, ஆனா பூட் ஆகுதில்லை எண்டால் நான் முதல்ல சந்தேகப்படுறது எழுதின விதத்தை. பூட் ஆகிற இறுவட்டுக்கும் ஆகாத இறுவட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஃபோல்டருக்குள்ள தெரியாது. இறுவட்டில தரவு செக்ரர் எண்ட சின்னத் துண்டுகளாக் கிடக்கும், ஒவ்வொண்டும் 2048 பைட். 16ஆவது செக்ரரில இருந்து இறுவட்டைப் பற்றின விவரம் தொடங்கும். பூட் ஆகிற இறுவட்டெண்டால் 17ஆவது செக்ரரில "எல் டொரிற்றோ" எண்டு ஒரு பதிவு இருக்கும். பூட் ஃபைல் எந்த இடத்தில கிடக்கு எண்டு அதுதான் பயோஸுக்குக் காட்டிக் குடுக்கிறது. ஃபீனிக்ஸ், ஐபிஎம் எண்ட கொம்பனிகள் சேர்ந்து 1995இல கொண்டு வந்த முறை அது, இண்டைக்கும் அதேதான். ஐஎஸ்ஓவை இமேஜா எழுதினால் அந்தப் பதிவும் சேர்ந்து போகும். ஐஎஸ்ஓவைப் பிரிச்சு, உள்ள இருந்த ஃபோல்டர்களை இழுத்துப் போட்டு எழுதினால் ஃபைல் எல்லாம் போகும், பதிவு போகாது. பயோஸ் இறுவட்டைச் சுத்தும், பதிவைத் தேடும், காணாமல் கைவிட்டிடும். உங்கட பத்துச் செக்கன் மினுக்கம் அதுவாத்தான் இருக்க வேணும்.

மெனுவில பெயர் ஒரு தரம்தான் வருது எண்டதும் இதோட ஒத்துப்போகுது. சரியான விண்டோஸ் 10 டிவிடியில பழைய பயோஸுக்கு ஒண்டு, யூஈஎஃப்ஐக்கு (பயோஸுக்குப் பதிலா வந்த புது முறை) ஒண்டு எண்டு இரண்டு பூட் பதிவு இருக்கும். உங்கட மாதிரிப் போட்டில அதே றைட்டர் வெறும் பெயரில ஒருக்கா, முன்னுக்கு "யூஈஎஃப்ஐ" எண்டு போட்டு இன்னொருக்கா எண்டு இரண்டு வரியாத் தெரிய வேணும்.

இதை உறுதிப்படுத்த மூண்டு விசயம் பாத்துச் சொல்லுங்கோ. ஒண்டு, மை கொம்பியூட்டரில டிவிடிக்குப் பக்கத்தில என்ன பெயர் கிடக்கு? மைக்ரோசொஃப்டின்ர ஐஎஸ்ஓ எண்டால் "சிசிசிஓஎம்ஏ" எண்டோ "ஈஎஸ்டி-ஐஎஸ்ஓ" எண்டோ தொடங்கும். விண்டோஸுக்குள்ளாலயே இழுத்துப் போட்டு எழுதின இறுவட்டுக்கு, ஆரும் மாத்தாட்டில், எழுதின நாளின்ர திகதிதான் பெயரா விழும். இரண்டாவது, டிவிடியில மொத்தம் எவ்வளவு பாவிச்சிருக்கு? மூண்டாவது, சோர்சஸ் ஃபோல்டருக்குள்ள விண்டோஸை அடக்கின, இன்ஸ்ரோல் எண்டு ஒரு பெரிய ஃபைல் கிடக்கும். அது விம் எண்டு முடியுதோ, ஈஎஸ்டி எண்டு முடியுதோ, அளவு எவ்வளவு?


மின்கம்பி எழுதினது:

பனங்கூடல் அண்ணை சொல்லுறதுதான் காரணமா இருக்கும். எண்டாலும் றைட்டரையும் சோதிச்சுப் போட்டு விடுங்கோ ரீச்சர், இல்லாட்டில் இரண்டு பழுது ஒண்டா நிண்டு தலையைச் சுத்தப் பண்ணும்.

சோதினை சுகமானது. டிவிடியில கிடக்கிறது முழுவதையும் ஹாட் டிஸ்க்கில ஒரு ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணுங்கோ. பிழைச் செய்தி இல்லாமல் முடிஞ்சால் லென்சும் இறுவட்டும் சுகம். இடையில இழுபட்டு நிண்டு "சைக்ளிக் றிடண்டன்சி செக்" எண்டு வந்தால் வாசிக்கக் கஸ்ரப்படுது. அப்பிடியெண்டால் நல்லா வேலை செய்யிற வேற டிவிடி ஒண்டை இதில போட்டுப் பாருங்கோ, இந்த டிவிடியை வேற கணினியில போட்டுப் பாருங்கோ. எது மாறினாப் பிழை போகுதோ அதுதான் பழுது.

பாட்டு சிடி ஒண்டைப் போட்டுப் பாத்திட்டு றைட்டர் நல்லது எண்டு முடிவெடுக்காதேங்கோ. சிடிக்கு 780 நனோமீற்றர் லேசர், டிவிடிக்கு 650. பெட்டி ஒண்டெண்டாலும் லேசர் வேற வேற. சிடி வாசிச்சு டிவிடி வாசிக்காத றைட்டர் எங்கட பக்கம் கனக்கக் கிடக்கு.

லென்ஸ் துடைக்க வேணுமெண்டால் ஐசோபுறொப்பைல் அற்ககோல், பஞ்சுக் குச்சி. ஈரம் சொட்டக் கூடாது, நனைஞ்சிருந்தாப் போதும். லென்ஸ் மெல்லிய கம்பியில தொங்கிறது, அதால அமத்தாமல் நடுவில இருந்து வெளிப்பக்கமா ஆறுதலா ஒரு சுத்து. சேலைத் தலைப்பும் சென்ற்றும் வேண்டாம். லப்டொப் எண்டால் தட்டு வெளிய வரேக்க லென்சும் சேர்ந்து வரும். மேசைக் கணினி றைட்டரில அது உள்ளுக்க நிக்கும், அடித்தகட்டில நாலு ஆணி கழட்ட வேணும். குருநகர், பாசையூர் மாதிரிக் கடற்கரையோரம் எண்டால் சாட்டா கேபிளின்ர இரண்டு பக்கத்தையும் ஒருக்காக் கழட்டிச் செருகிறது நல்லம், உப்புக்காத்துக்குத் தொடுகை கறுத்துப்போகும்.

பயோஸில வைச்ச வரிசை அடுத்த நாள் பழையபடி மாறிக் கிடக்குதோ எண்டும் பாருங்கோ. இரவில சுவர்ச் சுவிச்சை நிப்பாட்டிற வீடுகளில நேரத்தையும் செற்றிங்கையும் காப்பாத்திறது மதர்போட்டில இருக்கிற சிஆர்2032 பற்றரிதான். புதுசு 3 வோல்ற்றுக்குக் கொஞ்சம் கூடக் காட்டும். 2.8க்குக் கீழ போயிருந்தால் மாத்துங்கோ. வயரைச் சுவரில இருந்து கழட்டிப்போட்டுத்தான் மாத்த வேணும். திகதி பழைய வருசத்துக்குப் போயிருந்தால் அளக்கவே தேவையில்லை, பற்றரி முடிஞ்சுது.


கோப்பாய் ரீச்சர் எழுதினது:

டிவிடியின்ர பெயர் ஒரு திகதிதான். நான் வாங்கினதுக்கு முதல் நாள். பாவிச்ச அளவு 4.25 ஜிபி. சோர்சஸுக்குள்ள இருக்கிறது ஈஎஸ்டி எண்டு முடியிற ஃபைல், 3.7 ஜிபி.

முழுவதையும் டெஸ்க்ரொப்புக்குக் கொப்பி பண்ணினன், பிழை ஒண்டும் வரேல்லை. பயோஸ் திகதியும் நேரமும் சரியா நிக்குது.

திரும்ப எழுதித் தரச் சொல்லிக் கடைக்குப் போகவோ?


பனங்கூடல் எழுதினது:

அப்ப முடிஞ்சுது ரீச்சர். றைட்டர் நல்லம், இறுவட்டும் கீறல் இல்லாதது, எழுதின முறைதான் பிழை. ஃபைலை இழுத்துப் போட்டு எழுதியிருக்கினம்.

கடைக்குப் போக வேண்டாம். மைக்ரோசொஃப்டின்ர தளத்தில நேரடியா இறக்கிற விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ இப்ப 5.5 ஜிபிக்கு மேல. 4.7 எண்டு எழுதிக் கிடக்கிற சாதாரண டிவிடியை விண்டோஸ் 4.37 எண்டுதான் காட்டும். அதுக்குள்ள அடங்காது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி தேட வேணும், பழைய றைட்டர்கள் அதை எழுதினாலும் வாசிக்கேக்க அடம்பிடிக்கும்.

உங்கட கையில கிடக்கிற ஃபைல்களாலேயே வேலையை முடிக்கலாம். ஃபைலை வெறுமனே கொப்பி பண்ணின இறுவட்டுப் பூட் ஆகாது, ஆனா கொப்பி பண்ணின பென் டிரைவ் யூஈஎஃப்ஐயில பூட் ஆகும். யூஈஎஃப்ஐ பென் டிரைவில எல் டொரிற்றோ தேடாது. ஃபற்32 எண்ட ஃபைல் அடுக்கிற முறையில ஃபோர்மற் பண்ணின டிரைவில ஈஎஃப்ஐ ஃபோல்டர், அதுக்குள்ள பூட் ஃபோல்டர், அதுக்குள்ள பூட்எக்ஸ்64 எண்ட ஃபைல் இருக்குதோ எண்டுதான் பாக்கும். உங்கட டிவிடியில அது இருக்க வேணும், ஒருக்காத் திறந்து பாருங்கோ.

8, 16 இல்லாட்டில் 32 ஜிபி பென் டிரைவ் எடுங்கோ. உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழியும், முதல்ல வேற இடத்தில வையுங்கோ. வலது கிளிக், ஃபோர்மற், ஃபைல் சிஸ்ரம் ஃபற்32. 64 ஜிபி டிரைவுக்கு விண்டோஸ் ஃபற்32 காட்டாது, அதால சின்னதே போதும். பிறகு டெஸ்க்ரொப்புக்கு எடுத்த ஃபைல் முழுவதையும் டிரைவின்ர அடியில போடுங்கோ. இன்னொரு ஃபோல்டருக்குள்ள போட்டால் வேலை செய்யாது. டிரைவைத் திறந்த உடனே பூட், ஈஎஃப்ஐ, சோர்சஸ் கண்ணில பட வேணும். ஃபற்32இல தனி ஃபைல் ஒண்டு 4 ஜிபியைத் தாண்ட ஏலாது. உங்கட ஈஎஸ்டி 3.7 எண்டதால தப்பினீங்கள். விம் எண்டு முடியிற பெரிய ஃபைலா இருந்திருந்தால் இந்த வழி சரிவராது.

பின்பக்க யூஎஸ்பி 2 துளையில, கறுப்பு நிறம், செருகுங்கோ. எஃப்8 மெனுவில பென் டிரைவின்ர பெயர் இரண்டு தரம் வந்தால், யூஈஎஃப்ஐ எண்டு தொடங்கிற வரியைத்தான் தெரிவு செய்ய வேணும். மற்றதைத் தொட்டால் திரும்பவும் கறுப்புத் திரைதான்.

ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்லுறன். இந்த ஃபைல்களில ஆரும் கை வைச்சதோ இல்லையோ எண்டு இப்ப சரிபாக்க வழியில்லை, மூல ஐஎஸ்ஓ எங்களிட்ட இல்லை. டேட்டா இருந்தால் மைக்ரோசொஃப்டிட்ட இருந்தே இறக்கிறதுதான் நல்லம். விண்டோஸ் 10 ஓடுற கணினி ஒண்டில பவர்ஷெல் எண்ட கட்டளைச் சன்னலைத் திறந்து, கெற்-ஃபைல்ஹாஷ் எண்டு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, ஐஎஸ்ஓவை அந்தச் சன்னலுக்குள்ள இழுத்து விட்டு என்ரர் அமத்தினால் ஷா256 எண் (ஃபைலின்ர கைரேகை மாதிரி) வரும். அது தளத்தில போட்டிருக்கிற எண்ணோட எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேணும். இறக்கின ஐஎஸ்ஓவை றூஃபஸ் எண்ட இலவச மென்பொருளால பென் டிரைவுக்குப் போடலாம். ஆனா றூஃபஸ் 4 விண்டோஸ் 7இல ஓடாது. உங்கட கணினியிலேயே செய்யிறதெண்டால் 3.22தான்.


மின்கம்பி எழுதினது:

பூட் ஆக முதல் இரண்டு வேலை. பழைய 500 ஜிபி டிஸ்க்கின்ர சாட்டா கேபிளைக் கழட்டி விடுங்கோ. இரண்டு டிஸ்க்கும் பூட்டிக் கிடந்தால் விண்டோஸ் தன்ர பூட் ஃபைலைப் பழைய டிஸ்க்கில கொண்டுபோய் வைச்சிடக் கூடும். பிறகொரு நாள் பழையதைக் கழட்டினால் புதுசும் எழும்பாது. கை தவறிப் பழைய டிஸ்க்கை அழிக்கிற பயமும் இருக்காது.

மற்றது பயோஸில சாட்டா மோட் (டிஸ்க்கோட மதர்போட் பேசிற முறை). ஐடிஈ எண்டு கிடந்தால் இப்பவே ஏஎச்சிஐ ஆக்குங்கோ, எஸ்எஸ்டிக்கு அதுதான் சரி. போட்டு முடிஞ்ச பிறகு மாத்தினால் விண்டோஸ் நீலத்திரையில நிக்கும். இதே காரணத்தால பழைய விண்டோஸ் 7 டிஸ்க்கில இருந்து பூட் பண்ணினாலும் நீலத்திரை வரலாம். ஃபைல் எடுக்க அதை இரண்டாவது டிஸ்க்காப் பூட்டிறதில பிரச்சினை இல்லை.


கோப்பாய் ரீச்சர் எழுதினது:

16 ஜிபி பென் டிரைவில போட்டன். யூஈஎஃப்ஐ வரியைத் தெரிவு செய்ய விண்டோஸ் இலச்சினை வந்திட்டுது. மொழி, கீபோட் எல்லாம் தாண்டியாச்சு. இப்ப எஸ்எஸ்டியைத் தெரிவு செய்ய, இதில விண்டோஸ் போட ஏலாது, எம்பிஆர் பாட்டிசன் ரேபிள் கிடக்கு, ஈஎஃப்ஐ சிஸ்ரத்தில ஜிபிடி டிஸ்க்கில மட்டும்தான் போடலாம் எண்டு சொல்லுது. எஸ்எஸ்டியை விண்டோஸ் 7க்குள்ள ஒருக்கா ஃபோர்மற் பண்ணினது ஞாபகம்.


வடமராட்சித் தம்பி எழுதினது:

அதாலதான் ரீச்சர். எம்பிஆரும் ஜிபிடியும் டிஸ்க் எப்பிடிப் பிரிபட்டிருக்கு எண்டு குறிச்சு வைக்கிற இரண்டு முறை, எம்பிஆர்தான் பழசு. விண்டோஸ் 7இல எம்பிஆரா ஆக்குப்பட்டிட்டுது. இப்ப யூஈஎஃப்ஐயில பூட் ஆகியிருக்கிறதால ஜிபிடி கேக்குது.

அந்தத் திரையிலேயே நிண்டு ஷிஃப்ற்றோட எஃப்10 அமத்துங்கோ, கறுப்புச் சன்னல் ஒண்டு திறக்கும். டிஸ்க்பாட் எண்டு அடிச்சு என்ரர். லிஸ்ற் டிஸ்க் எண்டு அடிச்சால் டிஸ்க்குகளின்ர பட்டியல் வரும். எஸ்எஸ்டி 223 ஜிபி எண்டு காட்டும், பென் டிரைவ் 14, 15 எண்டு காட்டும். அளவைப் பாத்து எது எது எண்டு வடிவா உறுதிப்படுத்துங்கோ. எஸ்எஸ்டி பூச்சியம் எண்டால் செலெக்ட் டிஸ்க் 0, பிறகு கிளீன். இலக்கம் மாறினால் பென் டிரைவ் அழிஞ்சிடும், கிளீன் அடிச்ச பிறகு திருப்ப வழி இல்லை. பழைய டிஸ்க்கின்ர கேபிள் கழண்டிருக்குதோ எண்டு இன்னொருக்காப் பாருங்கோ.

எக்சிற் அடிச்சு வெளிய வந்து, றிஃப்றெஷ் அமத்தினால் எஸ்எஸ்டி ஒதுக்கப்படாத வெறும் இடமாத் தெரியும். பாட்டிசன் ஒண்டும் நீங்களா ஆக்க வேண்டாம். அந்த வெறும் இடத்தைத் தெரிவு செய்து நெக்ஸ்ற் அமத்துங்கோ, ஜிபிடியும் தேவையான சின்னப் பாட்டிசன்களும் தானா உருவாகும்.


தீவகத்தான் எழுதினது:

இடையில கேக்கிறதுக்குக் குறை விளங்காதேங்கோ. என்னட்ட இருக்கிறது கோர் ஐ5 பதினோராம் தலைமுறை லப்டொப். கந்தோரில பாவிக்கிற பழைய மென்பொருளுக்காக விண்டோஸ் 7 போட வேணும். யூஎஸ்பி டிவிடி றைட்டரில கடைப்பெட்டியோட வந்த டிவிடியைப் போட்டால் பூட் மெனுவிலேயே வருகுதில்லை. வேற கணினியில அதே டிவிடி பூட் ஆகுது.


பனங்கூடல் எழுதினது:

உங்கட டிவிடியும் றைட்டரும் நல்லம், லப்டொப்தான் அந்தக் காலத்துக்குப் போகாது. விண்டோஸ் 7 பூட் ஆகப் பழைய பயோஸ் மாதிரி நடிக்கிற சிஎஸ்எம் வேணும். பதினோராம் தலைமுறை லப்டொப்புகளில பொதுவா அது இல்லை. செக்கியூர் பூட் எண்ட பாதுகாப்பை நிப்பாட்டிப் பாக்கலாம். ஆனா அதைத் தாண்டினாலும் விண்டோஸ் 7 டிவிடியில யூஎஸ்பி 3 டிரைவர் இல்லை, செற்றப் தொடங்கின உடனே றைட்டர், கீபோட், மவுஸ் எல்லாம் செத்துப்போகும், "டிவிடி டிவைஸ் டிரைவர் இல்லை" எண்டு கேக்கும். அதோட மல்லுக்கட்டாதேங்கோ. அந்த லப்டொப்பில இப்ப இருக்கிற விண்டோஸுக்குள்ள வேர்ச்சுவல் பொக்ஸ் (கணினிக்குள்ள இன்னொரு கணினி மாதிரி நடிக்கிற மென்பொருள்) போட்டு, அதுக்குள்ள விண்டோஸ் 7ஐ நிறுவி, பழைய மென்பொருளை அங்க ஓட்டுங்கோ. உங்கட அதே டிவிடி அங்க பூட் ஆகும். அந்த விண்டோஸ் 7ஐ மட்டும் இன்ரர்நெற்றில இணைக்காதேங்கோ.

இன்னொண்டு, யூஎஸ்பி டிவிடி றைட்டர் சுத்தத் தொடங்கேக்க யூஎஸ்பி 2 துளை குடுக்கிற 500 மில்லியம்பியரை விடக் கூட இழுக்கும். இரட்டைத் தலைக் கேபிள் தந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கோ. மேசைக் கணினி எண்டால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கம்.


கோப்பாய் ரீச்சர் எழுதினது:

கிளீன் பண்ணின பிறகு ஏத்துக்கொண்டிட்டுது, இப்ப ஃபைல் கொப்பியாகுது, 40 வீதம். எல்லாருக்கும் நன்றி. இனிக் கவனிக்க வேண்டியது ஏதும் இருக்குதோ?


பனங்கூடல் எழுதினது:

முதல் தரம் றீஸ்ராட் ஆகேக்க பென் டிரைவைக் கழட்டுங்கோ, இல்லாட்டில் திரும்ப மொழி கேக்கிற திரையில வந்து நிக்கும். அப்பிடி வந்தாலும் பயப்பிட ஒண்டுமில்லை, கழட்டிப்போட்டு நிப்பாட்டிப் போட்டால் விட்ட இடத்தில இருந்து தொடரும். பிறகு பயோஸில முதலாவதா எஸ்எஸ்டியின்ர பெயரை வைக்காதேங்கோ, "விண்டோஸ் பூட் மனேஜர்" எண்ட வரியைத்தான் வைக்க வேணும். யூஈஎஃப்ஐயில அதுதான் கதவு. கரண்ட் போற நேரம் பாத்து யூபிஎஸ்ஸில விடுங்கோ, கொப்பி பாதியில நிண்டால் முதலில இருந்து தொடங்க வேணும்.

விண்டோஸ் எழும்பி, ஒருக்கா முழுசா நிப்பாட்டின பிறகு 500 ஜிபி டிஸ்க்கைப் பூட்டுங்கோ.

மகளின்ர படிப்புக்கு எண்டதால இதையும் சொல்ல வேணும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்டின்ர இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 ரீபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பையும், இன்டெல் எண்டால் எட்டாம் தலைமுறையில இருந்தும் கேக்கிறதால உங்கட போட்டுக்கு முறையாப் போகாது. வங்கி வேலையை இதில செய்யாதேங்கோ. 240 ஜிபியில ஒரு 40 ஜிபியை ஒதுக்கி லினக்ஸ் மின்ற் எண்ட இலவச இயங்குதளம் போடலாம், பைதனும் அதில சுகமா ஓடும். அதின்ர ஐஎஸ்ஓ 3 ஜிபிக்குள்ள அடங்கிறது, சாதாரண டிவிடியிலயே இமேஜா எழுதலாம். விண்டோஸ் 10இலேயே ஐஎஸ்ஓவில வலது கிளிக் பண்ணினால் "பேர்ண் டிஸ்க் இமேஜ்" எண்டு வரும், அதால எழுதுங்கோ. சரிபாக்கிற கட்டத்துக்குப் புள்ளடி போடுங்கோ. எழுதின பிறகு எஃப்8 மெனுவில றைட்டரின்ர பெயர் இரண்டு தரம் வருகுதோ எண்டு பாருங்கோ.